பத்தொன்பதாவது பத்திரிகை

கீழப்பழுவூர் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பாலைச் சோதித்து வாங்கும் சிந்தாமணியைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பாலில் தண்ணீர் கலக்காதவர்கள் அவரை நல்ல மாதிரி என்பார்கள். கலப்பவர்கள் ஜம்பக்காரி என்பார்கள். இரண்டாவது கட்சியிடம் ஆதாரம் அதிகம். யார் என்ன கேட்டாலும் சிந்தாமணி இரண்டு சொல்லுக்கு மேல் பதில் சொல்லமாட்டார். பாதிக் கேள்விகளுக்குத் தலையசைப்போடு சரி. நாற்காலியை விட்டு எழுந்து எவரையும் அவர் வரவேற்றதாக வரலாறு இல்லை. சொசைட்டித் தலைவரே வந்தபோதும் உட்கார்ந்தபடியே கும்பிட்டவர்.

அது ஜம்பம் அல்ல, அசதி என்பது அவருக்கும் அவர் கணவர் கிருஷ்ணமூர்த்திக்கும் மகள் தென்றலுக்கும் திருச்சியில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

நாற்பத்தெட்டு வயதுச் சிந்தாமணிக்கு ஆஸ்துமா. அதிலும் தீவிரமான வகை. காலையில் இரண்டு இழுப்பு மருந்து, மாலையில் இரண்டு இழுப்பு, ஆபத்துக்கு இடுப்பில் ஒரு நீல நிற மருந்துக் குழல். மருந்து மூச்சைக் காப்பாற்றிவிடும். அசதியை அது கண்டுகொள்வதில்லை. மற்றவர்கள் தூங்கினால் அசதி போய்விடும். சிந்தாமணிக்குத் தூங்குவதே ஒரு வேலை. விடிவதற்கு வெகு முன்பே இருமல் எழுப்பி உட்கார வைத்துவிடும். ஐந்தரைக்குச் சொசைட்டி திறக்க வேண்டும். ஊர் முழுக்கப் புதிதாக விழித்துக்கொண்டு பால் கேனோடு வரும்போது, அவர் ஏற்கெனவே ஒரு நாள் வேலையை முடித்தவரைப் போல உட்கார்ந்திருப்பார்.

சோம்பேறிகள் வேலையைப் பின்னால் தள்ளுவார்கள். இவர் முன்னால் இழுப்பார். மறுநாள் குழம்புக்கான காயை முந்தின நாள் மாலை உட்கார்ந்துகொண்டு நறுக்கிவைப்பார். குளிப்பது பிளாஸ்டிக் முக்காலியில். கஞ்சி போட்ட பருத்திச் சேலையை உடுத்துவதற்குள் ஒரு வேளைத் தெம்பு போய்விடும் என்பதால் வழுக்குகிற சேலைகள்தான். அடுப்பில் தாளிப்பது கிருஷ்ணமூர்த்தி. கடுகும் மிளகாயும் வெடிக்கிற அந்த நேரத்தில் சிந்தாமணி தெருவில் போய் நிற்பார். புருஷனை அடுப்படியில் விட்டுவிட்டு மகராணி வெளியே காற்று வாங்குகிறாள் என்று தெருவில் போகிறவர்கள் சொல்வார்கள். காற்றுதான் வாங்கினார். அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது சரி.

கிருஷ்ணமூர்த்தி மூன்று ஏக்கரில் வருஷம் தவறாமல் மக்காச்சோளம் போட்டுவந்தவர். கதிரடிக்கும் தூசியில் மனைவி ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனதோடு கரும்புக்கு மாறிவிட்டார். கேட்டவர்களிடம், "சோளத்துல என்னங்க இருக்கு?" என்றார். கரும்பிலும் ஒன்றும் இல்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவர் மனதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் இருக்க, யாராவது "என்ன சிந்தாமணி, ஒரு மாதிரியா இருக்க?" என்றால் வருகிற பதில் ஒன்றே: "லேசா சளி."

இருபத்தாறு வருடங்களாக லேசான சளி. அத்தனை நாள் நீடித்த லேசான விஷயம் ஊரில் வேறொன்றும் இல்லை.

அரியலூர் டவுனில் சிமெண்டும் கம்பியும் விற்கிற முத்தமிழ்செல்வன் சிந்தாமணிக்கு ஒரே அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். பெண் பார்க்க வந்த அன்று காலை சிந்தாமணிக்கு மூச்சு இரைத்தது. "யாரு கேட்டாலும் சளின்னு சொல்லு. வேற ஒரு வார்த்த வரக்கூடாது" என்று கற்றுக்கொடுத்தவர் அவர். தங்கை நல்ல மாணவி. ஒருமுறை சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் கிருஷ்ணமூர்த்திக்கு உண்மை தெரிந்துவிட்டது. அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் கூட்டிப்போனார். சொல்லிக்கொடுத்த அண்ணன்தான் நாளடைவில் அது வெறும் சளி என்று நம்பத் தொடங்கிவிட்டார். தான் சொன்ன பொய்யைத் தானே முதலில் நம்புவது வியாபாரத்துக்கு நல்லது. தங்கைக்கு அவ்வளவு நல்லதாக அமையவில்லை.

இந்த நிலையில் தென்றலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். செந்துறைப் பக்கத்து மாப்பிள்ளை. வைகாசிக் கடைசியில் முகூர்த்தம்.

இங்கே கல்யாணத்துக்கு அழைப்பது என்பது கடிதம் கொடுக்கிற காரியம் அல்ல. பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் ஜோடியாகப் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் வைத்த தட்டில் பத்திரிகையை வைத்து நின்றபடி நீட்ட வேண்டும். அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நின்றபடி வாங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து காப்பியாவது குடிக்க வேண்டும். கை நனைக்காமல் வந்தால் அழைத்ததே செல்லாது. போனில் சொல்வதும் தபாலில் அனுப்புவதும், தயவுசெய்து வராதீர்கள் என்று சொல்வதற்கான மரியாதையான வழிகள்.

தூரத்துச் சொந்தங்களைக் கிருஷ்ணமூர்த்தி பார்த்துக்கொள்ளலாம். ஜோடியாகப் போயே ஆக வேண்டிய வீடுகள் நாற்பத்தொன்று. சிந்தாமணி சித்திரை பிறப்பதற்கு முன்பே ஒரு பேப்பரில் பட்டியல் போட்டார். பட்டியலில் பெயர்களுக்கு எதிரே உறவுமுறை எதுவும் எழுதவில்லை. 'படி இல்லை', 'நாலு படி', 'மதியம் மிளகாய் வறுப்பார்கள், காலையில் போகணும்', 'சாம்பிராணி, செவ்வாய் வெள்ளி ஆகாது', 'விடாமல் பேசுவாள், ரெண்டு நாள் ஓய்வு' என்று எழுதினார். பக்கத்தில் உள்ளவை, படி இல்லாதவை முதலில். பெரிய படிகள், பெரிய பேச்சுகள் பின்னால். ஒரு நாளைக்கு ஒரு வீடு, தெம்பு இருந்தால் இரண்டு. படையெடுக்கிறவன்கூட இவ்வளவு யோசித்துப் புறப்பட்டிருக்கமாட்டான்.

அந்தப் பட்டியலில் முத்தமிழ்செல்வன் வீட்டுக்கு எதிரே இரண்டு சொற்கள்தான் இருந்தன: 'முப்பத்தாறு படி.' வரிசையில் அது பத்தொன்பதாவது வீடு. அதற்கு முன்னால் நான்கு நாட்கள் ஓய்வு.

அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முறையில்தான் இருந்தது. குலதெய்வத்துக்கு வைத்த கையோடு அடுத்த பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சிந்தாமணிக்கும் தெரியும். தெரிந்தும், அண்ணன்தானே, தெரிந்துகொள்வான் என்று நினைத்துவிட்டார். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இருபத்தாறு வருடங்களாக அவனுக்குச் சொல்லவே இல்லை.

சித்திரை மூன்றாம் தேதி திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரையில் இருக்கும் குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்கள். கற்பூரப் புகையில் நின்றதும் மணலில் நடந்ததும் சேர்ந்து சிந்தாமணியை உட்கார்த்திவிட்டன. ஆனால் நல்ல நாள். அன்றே ஒரு மனுஷ வீட்டிலாவது வைத்தாக வேண்டும். அடுத்த வாசல் பாப்பாயி வீடு. பங்காளி முறை. படி இல்லை. பதினோரு எட்டு.

பாப்பாயி தட்டை வாங்கி டிவிக்கு மேலே வைத்துவிட்டு, பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கீழே, 'எங்கள் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை' என்று பூப் போட்ட எழுத்தில் ஒரு வரி. சந்தோஷத்தில் செய்ததுதான். பாப்பாயியின் சந்தோஷம் எப்போதும் இன்னொருவர் வயிற்றில்தான் போய் எரியும்.

சாயங்காலமே அரியலூரிலிருந்து அண்ணி ஜெயசித்ரா போன் செய்தார்.

"என்ன சிந்தா, பத்திரிக்கை வெக்க ஆரம்பிச்சுட்டீங்களாமே?"

"ஆமாண்ணி."

"ஸ்டேட்டஸ்ல பாத்தோம். ஒங்க அண்ணன் பாத்துட்டுச் சோத்துல கையக் கழுவிட்டாரு."

"வரோம்ணி. நாளாகும்."

"நாளாகுமா? அடுத்த வூடுதான் மொதலாம், அண்ணன் வூட்டுக்கு நாளாகுமாம். நல்லாருக்கும்மா முறை!"

பின்னால் இருந்து முத்தமிழ்செல்வன் குரல் கேட்டது. போனில் பேசமாட்டார், போனுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். "எதுக்கு அவகிட்டப் பேசிக்கிட்டு? வூடு கட்டின இந்த மூணு வருஷமா கடை வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறவ. வூட்டுப் படி ஏறினாளா ஒரு தடவ? நம்ம வூடு கசக்குது அவளுக்கு. மாமன் மாலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. பாப்பாயி புருஷன் இருக்கான்ல, அவன வந்து போடச் சொல்லு!"

தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறைக்கு வர முடியும். ஒரே மாமன். அவர் வராமல் போனால் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் அந்த இடைவெளியைக் கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

"இப்பவே கெளம்புவோம் சிந்தா," என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"இப்பப் போனா அஞ்சாம் படியோட திரும்பணும்."

"அப்ப ஒரு போனப் போட்டு விஷயத்தச் சொல்லிடேன். சளி இல்ல, ஆஸ்துமான்னு. அதுல என்ன வெக்கம்?"

சிந்தாமணி கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். நீளமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அடையாளம் அது.

"சொல்லிட்டா என்ன ஆவும் தெரியுமா? அய்யோ பாவம்பாங்க. கல்யாணத்தன்னிக்கு என்னைய ஒரு மூலையில ஒக்கார வெச்சு, ஆளுக்கொரு தடவ வந்து பாத்துட்டுப் போவாங்க. எம் மவ கல்யாணத்துல நான் வரவங்கள வாங்கன்னு கேக்கணும். என்னைய யாரும் பாக்க வரக்கூடாது."

"அவரு வரலைன்னா?"

"வருவான். நான் போயி வெச்சா வருவான். நாள் மாறாது."

கிருஷ்ணமூர்த்தி மேற்கொண்டு வாதாடவில்லை. மூச்சு இல்லாதவரோடு வாதாடித் தோற்பது இந்த இருபத்தாறு வருடங்களில் அவருக்குப் பழகிவிட்டது.

பட்டியல் தன் வழியில் நகர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும், தாய்மாமனுக்கு இன்னும் வைக்கவில்லையாமே என்று கேட்டார்கள். "வெப்போம்" என்பது சிந்தாமணியின் பதில். ஒரு வீட்டில் பக்கோடா பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே வைத்து வாங்கிக்கொள்ளச் செய்தார். ஒரு வீட்டில் விடாமல் பேசும் அத்தை ஒன்றரை மணிநேரம் பேசினார். திட்டமிட்டபடி மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓய்வு. அந்த அத்தையே, "சிந்தாமணி எவ்வளவு பொறுமையாக் கேட்டுக்கிட்டா!" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்ததற்கு அப்படியொரு நல்ல பெயர். ஜம்பக்காரி என்ற பட்டம் ஒரு வீட்டளவில் கழிந்தது.

பதினெட்டு வீடு முடிந்தது. நான்கு நாட்கள் லீவு போட்டுக் காற்றோட்டமான அறையில் படுத்திருந்தார். சொசைட்டியில் பாப்பாயி புருஷனை உட்காரவைத்ததில், அந்த நான்கு நாட்களும் ஊரில் பால் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மருந்தை இழுத்துவிட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து பஸ் ஏறினார்கள். வண்டியில் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு போக வேண்டும். படி ஏறுவதைப் பற்றி டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டிருந்தார். "ஏறலாம். நின்னு நின்னு, ஒக்காந்து ஒக்காந்து ஏறுங்க. நெஞ்சு இறுகுச்சுன்னா மருந்து கேக்குற வரைக்கும் அங்கயே நிறுத்திடணும்" என்றிருந்தார் அவர்.

முத்தமிழ்செல்வனின் வீடு மூன்று அடுக்கு. கீழே கடை, நடுவில் வாடகைக்கு விட்ட பல் ஆஸ்பத்திரி, மேலே குடியிருப்பு. சொந்தக் கடைச் சிமெண்டு என்பதால் வீட்டைத் தாராளமாகக் கட்டியவர், படிக்கட்டுக்கு இடம் விடும்போது மட்டும் கையைச் சுருக்கிக்கொண்டார். ஒவ்வொரு படியும் முழங்காலைக் கேள்வி கேட்கும் உயரம்.

தங்கை தெருமுனையில் இறங்கி வருவதைக் கடையிலிருந்து பார்த்த முத்தமிழ்செல்வன் விறுவிறுவென்று மேலே ஏறிப்போனார். கோபமாக இருக்கிறவர் கடையில் நின்று வரவேற்க முடியாது. வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். ஜெயசித்ராவிடம் காப்பிக்குப் பால் வைக்கக்கூடாது என்றார். பிறகு, வைத்துத் தொலை என்றார்.

பத்து நிமிடம் ஆனது. யாரும் வரவில்லை. இருபது நிமிடம் ஆனது.

"வாசலோட திரும்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். பதினாலாம் படியில் ஒரு தினசரிப் பேப்பரை விரித்துச் சிந்தாமணி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு படி கீழே கிருஷ்ணமூர்த்தி, கோயில் வாசலில் நிற்பவரைப் போலத் தட்டோடு நின்றார். பல் வலியோடு ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி அவர்களைத் தாண்டி ஏறிப்போனார்.

முத்தமிழ்செல்வன் கோபத்தை மேலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"ஏன் இங்க ஒக்காந்திருக்க? யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"தங்கச்சி ஒக்காந்திருக்கான்னு நெனப்பாங்க."

"என்னா மாப்ள இது?" என்று கிருஷ்ணமூர்த்தியிடம் திரும்பினார்.

"பாதி வந்தாச்சு மச்சான்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. அவர் பத்தாம் படியிலும் இதையே சொல்லியிருந்தார்.

சிந்தாமணியின் தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உயர்ந்து தாழ்ந்தன. இடுப்பிலிருந்து நீலக் குழலை எடுத்து வாயில் வைத்து இழுத்து, அடக்கி, விட்டார். அண்ணன் அதை முதல்முறையாகப் பார்த்தார்.

"சளிக்கா இது?"

"நீதான சளின்னு சொல்லச் சொன்ன."

"நான் எப்போ..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். எப்போ என்பது ஞாபகம் வந்துவிட்டது.

"எத்தினி வருஷமாடி இப்படி?"

"நீ சொல்லச் சொன்ன அன்னிலேருந்து. அதுக்கு முன்னாடியும்."

முத்தமிழ்செல்வனுக்கு அழுகை வராது. அதற்குப் பதிலாக அவசரம் வரும். "சரி, சரி. தட்ட இங்கயே குடு. நான் வாங்கிக்கிறேன். ஜெயா! கீழ வா!"

"படியில வெக்கவா நான் வந்தேன்? வூட்டுல வெப்பேன்."

"இரு, அப்ப கடையில லோடு ஏத்துற பசங்க ரெண்டு பேரு இருக்கானுவோ. நாற்காலியில வெச்சு ஒரே தூக்கு..."

"சிமெண்டு மூட்டையா நானு?"

தட்டில் இருந்த வாழைப்பழம் நழுவும் அளவுக்குக் கிருஷ்ணமூர்த்தி சிரித்துவிட்டார். மேலே நின்ற ஜெயசித்ரா அதைச் சண்டை என்று நினைத்துப் பதறி இரண்டு படி இறங்கினார்.

"இந்தக் கோவத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றார் முத்தமிழ்செல்வன். "இவ்வளவு முடியாதவ மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கீழ வந்திருப்பனே. பத்தொம்பதாவதா வந்து, அதுவும் படியில..."

சிந்தாமணி கையைக் காட்டிப் பேச்சை நிறுத்தினார். மூச்சைச் சேர்த்தார். மாடியில் பல் குடையும் இயந்திரம் கிர்ரென்று ஓடுவது கேட்டது.

"மத்த வூட்டுக்கெல்லாம் அன்னன்னிக்கு இருந்த மூச்ச வெச்சுப் போனேன். ஒன் வூட்டுக்குத்தான் நாலு நாள் படுத்துக் கெடந்து சேத்து வெச்சு வந்திருக்கேன். இதுல எது மொத எடம், எது கடேசி எடம்னு நீயே சொல்லு."

  முத்தமிழ்செல்வன் வேட்டியை மடித்துக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். படி குறுகல். இரண்டு பேர் உட்காரக் கட்டியது அல்ல. ஒரு பாதி உடம்பு சுவரில் உரசியது.

"யாருடி இவ்வளவு ஒசரமா படி வெச்சான்?" என்றார்.

"நீதான்."

பிறகு ஏறினார்கள். மூன்று படி, ஒரு நிறுத்தம். மூன்று படி, ஒரு நிறுத்தம். முதல் நிறுத்தத்தில் முத்தமிழ்செல்வன் டாக்டர் யார் என்று கேட்டார். இரண்டாவதில் மருந்தின் பெயரைக் கேட்டார். மூன்றாவதில், அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தங்கை மூச்சைச் செலவழிக்கிறார் என்பது புரிந்து வாயை மூடிக்கொண்டார். அவரைத் தெரிந்தவர்களுக்குப் படி ஏறியதைவிட இதுதான் பெரிய சாதனை. பல் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அங்கே பத்து நிமிடம். ஒருமுறை பாதியில் நெஞ்சு இறுகியது. சிந்தாமணி அப்படியே உட்கார்ந்து, இன்னொரு முறை குழலை இழுத்து, கண்ணை மூடி, உதட்டைக் குவித்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கேட்டது. "எந்திரிக்கலாம்," என்றார் சிந்தாமணி, அண்ணன்தான் உட்கார்ந்துவிட்டவர் என்பதைப் போல.

முப்பத்தாறாம் படியை அவர் மிதித்தபோது, கடையிலிருந்து முத்தமிழ்செல்வன் ஏறிவந்து ஒரு மணிநேரமும் ஐந்து நிமிடமும் ஆகியிருந்தது. அவர் தன் கால்களால் அதை ஏற எடுத்துக்கொள்வது அரை நிமிடம்.

கூடத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. தட்டை நின்றபடி நீட்ட வேண்டும். சிந்தாமணி நாற்காலியில் சரிந்துவிட்டார். எழுந்திருப்பதற்கு இன்னும் கால் மணிநேரமாவது வேண்டும். அவர் எழ முயன்றதைப் பார்த்து முத்தமிழ்செல்வன், "ஒக்காரு" என்று அதட்டினார். உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டு வாங்குவதும் மரியாதையில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுக் கடை முதலாளியும் மனைவியும் தரையில் சம்மணம் போட்டு அண்ணாந்து கையை நீட்ட, கிருஷ்ணமூர்த்தி தட்டின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, சிந்தாமணி நாற்காலியில் இருந்தபடி பத்திரிகை வைத்தார். எந்த முறையிலும் சேராத முறை. ஆனால் அந்தக் கூடத்தில் அன்றைக்கு யாரும் முறையைப் பற்றிப் பேசவில்லை.

"அவசியம் வந்துருங்கண்ணே. அண்ணி, நீங்களும்," என்றார் சிந்தாமணி. அழைக்கும்போது மட்டும் அண்ணனுக்கு 'ங்க' போட வேண்டும்.

"காப்பி ஆறிருச்சு," என்றார் ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற போடறேன். தாளிக்கல, ஒண்ணும் வறுக்கல, பயப்படாத."

வைகாசிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. மீதி இருபத்திரண்டு வீடுகளுக்கும் சிந்தாமணி தன் பட்டியல்படியே போய்வந்திருந்தார். மண்டப வாசலில் ஊதுபத்தி எட்டாத இடமாக, மின்விசிறிக்கு நேராக, தானே காட்டிய இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அதில் உட்கார்ந்தபடி வந்தவர்களை எல்லாம் "வாங்க" என்றார். ஒரு சொல், ஒரு கும்பிடு, அடுத்தவர். பால் சொசைட்டியில் இருபது வருடம் செய்த வேலைதான். இங்கே யாருக்கும் அது ஜம்பமாகத் தெரியவில்லை, வந்தவர்களில் பாதிப்பேர் நின்று நிதானமாகக் கும்பிட்டுவிட்டே உள்ளே போனார்கள்.

பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு, முத்தமிழ்செல்வன் நேராக வாசலுக்கு வந்து தங்கையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"ஒக்காந்திருக்காளேன்னு பாக்காதீங்க. எந் தங்கச்சிக்கு ஆஸ்துமா. சாதா ஆஸ்துமா இல்ல, பெரிய ஆஸ்துமா. அதோட முப்பத்தாறு படி ஏறி வந்து எனக்குப் பத்திரிக்கை வெச்சா. நீங்க ஏறிடுவீங்களா?"

அடுத்து வந்த செந்துறைக்காரரிடம் அது நாற்பத்தெட்டுப் படியானது. அவர் அசந்துபோய்ச் சிந்தாமணியை இன்னொரு முறை கும்பிட்டார். மூன்றாவதாக வந்தவர் பழைய கூட்டாளி என்பதால் முத்தமிழ்செல்வன் ஒரு மாடியையே கூடுதலாகக் கட்டிவிட்டார். "அறுவது படி! எங்கயும் ஒக்காரல!"

சிந்தாமணி இரண்டு கும்பிடுகளுக்கு நடுவில் தலையைத் திருப்பினார். அன்றைக்கு இருந்த மூச்சுக்கு 'வாங்க'வைத் தவிர வேறு சொல்லுக்கு இடமில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தவர், அதை மீறினார்.

"முப்பத்தாறு," என்றார். "எட்டு தடவ ஒக்காந்தேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, அடுத்து வந்தவரைப் பார்த்து வாங்க என்றார்.